சைக்கிளின் ஆயுளும் சிற்றுறுப்புகளும்

மனிதன் கைப்படச் செய்த பொருள்கள் யாவும் ஒருநாள் தேயும். தேய்வது குற்றமன்று; தேய்ந்ததைச் செப்பனிட வழியிருந்தும் அவ்வழியை அடைத்து வைப்பதே குற்றமாகும். இவ்வுண்மையை மலைச் சைக்கிளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாம். கல்லும் மணலும் சேறும் நிறைந்த காட்டுப்பாதைகளில் ஓடுவதற்கென்றே அமைந்தமையால், மலைச் சைக்கிளின் உறுப்புகள் ஏனைய சைக்கிள்களின் உறுப்புகளைக் காட்டிலும் விரைவில் தேய்கின்றன. அவற்றைச் செய்து விற்போர் அவற்றுக்குரிய சிற்றுறுப்புகளையும் நெடுங்காலம் விற்றுவருதல் வேண்டும் என்பதும், எத்தனை ஆண்டுகள் விற்பர் என்பதை வாங்குவோர்க்கு முன்னரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்பதும் நம் கருத்து.

இவ்வகைச் சைக்கிள் பிறந்த வரலாற்றை நோக்குவோமாயின், அது செப்பனிடும் தொழிலின் மடியிலேயே பிறந்தது என்பது புலனாகும். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்னும் பகுதியிலுள்ள ஃபேர்ஃபாக்ஸ் ஊரையடுத்த மலைச்சரிவில், 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் இளைஞர் சிலர் ஓர் இறக்கப் பந்தயம் நடத்தினர். பாதையின் நீளம் ஏறத்தாழ 2 மைல். இறக்கம் ஏறத்தாழ 1,300 அடி. அவர்கள் ஓட்டியவை புது வண்டிகள் அல்ல. 1930, 1940-ஆம் ஆண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டு, பிறர் கழித்துவிட்ட ஷ்வின் முதலிய பழைய வண்டிகளே. அவ்வண்டிகளின் பிரேக்கு பின்சக்கரத்து ஹப்பினுள் அமைந்தது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிப்பது. இறக்கம் முழுவதும் பிடித்துக்கொண்டே வந்தமையால் ஹப்பு சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போயிற்று. ஆகவே ஓட்டம் முடிந்தபின் ஹப்பைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியதாயிற்று. மீண்டும் அடைத்தல் எனப் பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பந்தயத்தின் பெயராக நிலைத்தது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. முப்பது, நாற்பது ஆண்டு வயதான வண்டிகள் அன்று மலையில் இறங்க முடிந்தமைக்குக் காரணம், அவற்றின் உறுப்புகள் எளிய கருவிகளாற் பிரித்துக் கூட்டத்தக்கனவாய் இருந்தமையேயாகும். இன்று விற்கப்படும் வண்டிகள் நாற்பது ஆண்டுகள் கழித்து அவ்வாறு ஓடுமா? இதுவே நாம் எழுப்பும் வினா.

ஓடா என்று ஐயுறுவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அளவுகள் அடிக்கடி மாறுவது. மலைச் சைக்கிளின் சக்கரம் முதலில் 26 அங்குலம் எனப்பட்டது. பின்னர் 29 அங்குலமும், அதன்பின் 27.5 அங்குலமும் வந்தன. பின்சக்கர ஹப்பின் அகலம் 135 மி.மீ. ஆக இருந்து, 142 ஆகிப் பின் 148 ஆயிற்று. முன்போர்க்கின் தண்டும் ஒரே பருமனாயிருந்தது மாறி, அடியில் பருத்து மேலே சிறுத்த வடிவம் பெற்றது. இவை ஒவ்வொன்றும் தனித்து நோக்கச் சிறு மாற்றமே. ஒருங்கே சேர்ந்தபோதோ, பழுதற்ற பழைய பிரேம் ஒன்றை உடையவன் அதற்கேற்ற நல்ல முன்போர்க்கு கிடையாமல் அலைய நேர்கின்றது. பிரேம் உடையவில்லை; ஆயினும் அது பயனற்றதென ஒதுக்கப்படுகின்றது.

இரண்டாவது காரணம், உறுப்பை முழுமையாக விற்று, அதன் உட்துண்டைத் தனியே விற்க மறுப்பது. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். கைப்பிடியை அழுத்த, எண்ணெய் குழாய்வழி சென்று காலிப்பரினுள் உள்ள பிஸ்டன்களைத் தள்ளுகின்றது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் எண்ணெய் கசியாமற் காக்கின்றது. அவ்வளையம் நாளடைவில் இறுகிக் கசியத் தொடங்கும். மாற்ற வேண்டியது விரல் மோதிரம் போன்ற அவ்வளையம் ஒன்றே. 1921-இல் ஜப்பானில் தோன்றி, 1982-இல் டியோர் எக்ஸ்.டி. என்னும் மலைச் சைக்கிள் உறுப்புத் தொகுதியை வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற ஷிமானோ நிறுவனம், 8, 9 பற்சக்கரத் தொகுதிகளுக்கான சங்கிலிகளை இன்றும் விற்றுவருவது பாராட்டத்தக்கது. எனினும் காலிப்பரின் பிஸ்டனையும் வளையத்தையும் அந்நிறுவனம் தனியே விற்பதில்லை; கசிந்தாற் காலிப்பர் முழுவதையும் மாற்ற வேண்டியதே. இங்கிலாந்தில் பார்னால்ட்ஸ்விக் என்னும் ஊரில் 1989-இல் தொடங்கப்பெற்ற ஹோப் நிறுவனமோ, தன் பிரேக்குகளின் பிஸ்டன், வளையம் முதலியவற்றைத் தனித்தனியே விற்கின்றது. ஒருவர்க்கு இயல்வது மற்றவர்க்கு இயலாதென்பது எங்ஙனம்?

நிற்க. மாற்றமே வேண்டாமென்றால் முன்னேற்றம் ஏது என்று சிலர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ரிம்மை உரசிய பழைய பிரேக்கு மழையிற் பிடிக்கவில்லை. தட்டுப் பிரேக்கு பிடிக்கின்றது. தடித்த அச்சு சக்கரத்தை உறுதியாகப் பற்றுகின்றது. உயிரைக் காக்கும் இத்தகைய மாற்றங்களை நாம் மறுக்கவில்லை. எல்லாத் துண்டுகளையும் என்றென்றும் இருப்பில் வைத்தல் எவர்க்கும் அரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் இருப்பில் வையாமலே உதவும் வழிகளும் உண்டு. பல ஹப்புகளில் உள்ள பேரிங் 6902 என்னும் எண்ணுடையது. உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. இவ்வளவு உலகப் பொதுவானதாகலின், ஹப்பைச் செய்தவர் கடையை மூடிவிடினும் பேரிங் கடையில் அது கிடைக்கும். அவ்வாறே, பின்புறக் கியர்மாற்றியைப் பிரேமோடு இணைக்கும் சிறு துண்டு முன்னர் நூற்றுக்கணக்கான வடிவங்களில் இருந்தது. 2019-இல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் பொது வடிவம் ஒன்றை வெளியிட, பிரேம் செய்வோர் பலர் அதனை ஏற்றனர். மாற்றம் என்பது பிரிப்பதாக மட்டுமன்றி, ஒன்றுபடுத்துவதாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

இனி, இதனால் இழப்பவர் யார் என்பதை எண்ணுதல் வேண்டும். செல்வர் ஈராண்டுக்கொருமுறை புதுவண்டி வாங்குவர், அவர்க்கு இழப்பில்லை. அவர் விற்றதை இரண்டாம் கையாக வாங்கும் மாணவனும் தொழிலாளியுமே, சிறு வளையம் ஒன்றன் பொருட்டுப் பெருந்தொகை இறுக்கின்றனர். இறுக்க இயலாதார் வண்டியை மூலையிற் சாத்துகின்றனர். சைக்கிள் கடைக்காரரும் இழக்கின்றார். பழுதின் காரணத்தை ஆராய்ந்து தீர்க்கும் அவரது கைத்திறன் வீணாகி, பழைய பெட்டியை எறிந்து புதுப் பெட்டியைப் பொருத்தும் வேலையாகச் சுருங்குகின்றது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர் நம் முன்னோர். அத்துரும்பு கிடையாமையால் ஒரு வண்டியே கிடையில் விழுமாயின், அதனை நாகரிகம் என்று எவ்வாறு அழைப்பது?

அரசுகளும் இதனை ஓரளவு உணர்ந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, மின்சைக்கிளின் பேட்டரி அவ்வகை வண்டி கடைசியாகச் சந்தைக்கு வந்த பின்னரும் குறைந்தது 5 ஆண்டுகள் மாற்றுறுப்பாகக் கிடைக்க வேண்டுமென்று, 2027 பிப்ரவரி முதல் பொருந்துமாறு விதித்தது. பேட்டரிக்கு ஏற்ற நீதி பிரேக்குக்கும் முன்போர்க்குக்கும் ஏலாதோ? முன்போர்க்கை 50, 100, 200 மணிநேர ஓட்டத்துக்கொருமுறை பிரித்து எண்ணெயும் வளையமும் மாற்றுமாறு செய்தோரே கட்டளையிடுகின்றனர். கட்டளையிடுவோர் அவ்வளையம் கிடைக்கச் செய்யும் கடமையும் உடையரன்றோ?

ஆகவே, உறுப்பு ஒவ்வொன்றன் உறையிலும் விலையோடும் எடையோடும் மூன்றாவதாக ஓர் எண் பொறிக்கப்படுதல் வேண்டும்: சிற்றுறுப்புகள் கிடைக்கும் ஆண்டுகளின் தொகை. அக்காலம் கடந்தபின் அளவுப்படங்களை வெளியிட்டு, பிறர் செய்துகொள்ள இடந்தருதல் வேண்டும். இவ்வெண் பொறிக்கப்படுமாயின், 20 கிராம் எடைக் குறைவைப் பெருமையாகப் பேசும் வாங்குவோர், 20 ஆண்டு ஆயுளையும் ஒப்பிட்டு நோக்கக் கற்பர். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் கொடுக்கத் தொடங்குவர்.

பூமியினின்று அகழ்ந்து, உலையில் உருக்கி, பலர் உழைப்பால் உருப்பெற்ற உலோகத்துக்கு நாம் உடையவரல்லோம். கணக்கொப்புவிக்கக் கடமைப்பட்ட உக்கிராணக்காரரே. தச்சுத்தொழில் செய்த ஆண்டவரைப் பின்பற்றும் நமக்கு, உளியும் ஸ்பேனரும் இழிவான கருவிகள் அல்ல. அடுத்தமுறை எப்பொருளை வாங்கும்போதும், "இது பழுதானால் இதன் துண்டு எங்கே, எத்தனை நாள் கிடைக்கும்?" என்று கடைக்காரரைக் கேட்பது நம் மாணவர் ஒவ்வொருவர்க்கும் வழக்கமாகுக.