தீட்டா இது?

திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் பெண் பூப்பெய்தினால் தாய்மாமன் சீர் வருகிறது. மாலை என்ன, பட்டு என்ன, மேளம் என்ன! அடுத்த மாதமே அந்தப் பெண்ணிடம், "தள்ளி நில்" என்கிறார்கள் பல வீடுகளில்.

இதே மதுரை மாவட்டத்துக் கூவலப்புரத்தில், அந்த நாட்களில் பெண்கள் ஒதுங்கியிருக்க "முட்டுத்துறை" என்று தனிக் கட்டடமே இருப்பதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதியுள்ளன.

விஞ்ஞானம் சொல்வது வேறு. கரு தங்குவதற்காகக் கருப்பைக்குள் மாதந்தோறும் மெத்தை போல ஒரு சவ்வு வளர்கிறது. கரு தங்காவிட்டால் அது கழன்று ரத்தத்தோடு வெளியேறுகிறது. மறுபடி புதுச் சவ்வு முளைக்கிறது. ஆயுளில் சுமார் 400 தடவை! முளைக்க வைப்பது எது? 2004-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்தச் சவ்வில் "ஸ்டெம் செல்" எனும் மூல அணுக்களைக் கண்டார்கள். புதுத் திசுக்களை உண்டாக்க வல்லவை அவை. 2007-ல் மாதவிலக்கு ரத்தத்திலும் அவை அகப்பட்டன.

உடனே, "அந்த ரத்தத்தைச் சேமித்து வைக்கிறோம், பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். அதற்கு அனுமதி இல்லை என்று 2017-லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லிவிட்டது. ஆராய்ச்சி இன்னும் மருந்தாகவில்லை.

ஆனால், விஞ்ஞானி பத்திரப்படுத்தும் பொருளைத் தீட்டு என்று சொல்லி, பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணைத் திண்ணையில் படுக்க வைப்பது என்ன நியாயம்? அவளுக்கு வேண்டியது சுத்தமான துணி, கீரை, முட்டை, வீட்டுக்குள் அவளுடைய பாய்.