4.00 எடுத்தும் இடமில்லையா? மெரிட் புள்ளியைப் புரிந்துகொள்வோம்

கிள்ளானாக இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸாக இருந்தாலும், எஸ்பிஎம் முடிவு வெளியானதும் எல்லா வீட்டிலும் எழும் முதல் கேள்வி "எத்தனை ஏ?" என்பதுதான். பல்கலைக்கழக வாசலில் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருந்தால் போதாது.

2025 செப்டம்பரில் நாடெங்கும் பேசப்பட்ட ஒரு சம்பவம் இதற்குச் சான்று. எஸ்டிபிஎம்மில் 4.00 சராசரியும் 99.9 மெரிட் புள்ளியும் பெற்ற ஒரு மாணவர் கணக்கியல் துறைக்கு விண்ணப்பித்தார். கிடைத்ததோ நிர்வாகத் துறை. அவருக்கே இந்த நிலை என்றால் நம் பிள்ளைகளின் கதி என்ன என்று பெற்றோர் பதறியதில் வியப்பில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். யூபியு வழி விண்ணப்பிக்கும் எஸ்டிபிஎம் மாணவருக்குக் கல்வித் தேர்ச்சிக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10 என மொத்தம் 100 புள்ளிகள். சராசரியை 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்க வேண்டும். 4.00 எடுத்தவருக்கு 90 கிடைக்கும். புறப்பாடத்தில் அவருக்கு 6 மட்டுமே இருந்தால் மொத்தம் 96. இன்னொருவர் 3.83 எடுத்து, புறப்பாடத்தில் முழு 10 வைத்திருந்தால் அவரது மொத்தம் 96.175. அதாவது, தேர்வில் பின்தங்கியவர் பட்டியலில் முந்திவிடுகிறார். டியூஷனுக்கு நேரமாகிறது என்று சீருடை இயக்கத்தையும் விளையாட்டையும் கைவிடச் சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, குறைந்தபட்சத் தகுதி வேறு, இடம் கிடைப்பது வேறு. தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். இருக்கும் இடங்களுக்குப் போட்டி எவ்வளவு என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. சில துறைகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. ஒவ்வொரு துறையின் முந்தைய சராசரி மெரிட் புள்ளி இபண்டுவான் பக்கத்தில் உள்ளது. அதைப் பார்க்காமல் மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று பெயர் கேட்ட துறைகளை மட்டும் வரிசையாக நிரப்புவது ஆபத்து. ஆசைப்படும் துறை, எட்டக்கூடிய துறை, உறுதியாகக் கிடைக்கக்கூடிய துறை என மூன்றும் பட்டியலில் இருக்க வேண்டும்.

மெட்ரிகுலேஷன் விவகாரம் தனி. ஓராண்டில் முடியும் இக்கல்வியில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்பது நெடுங்கால ஏற்பாடு. 2019இல் இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்ந்தபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 10ஏ மற்றும் அதற்கு மேல் பெறும் எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று 2024 ஜூனில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அது நல்ல செய்தி. ஆனால் 'ஏ மைனஸ்' அந்தக் கணக்கில் சேருமா என்ற சர்ச்சை எழுந்தது. அதோடு, 7ஏ, 8ஏ எடுக்கும் தோட்டப்புறப் பிள்ளைக்கு அந்த அறிவிப்பில் உறுதி எதுவும் இல்லை.

மெட்ரிகுலேஷன் கிடைக்காவிட்டால் கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓடவேண்டியதில்லை. படிவம் 6 செலவு குறைந்த வழி. எஸ்டிபிஎம் மூன்று தவணைகளாக நடப்பதால், ஒரு தவணையில் சறுக்கினாலும் மறுதேர்வு எழுதிச் சரிசெய்யலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கின்றன. கடினம் என்பது உண்மைதான். என்றாலும் நம்மவர் பலர் பட்டதாரிகளானது இந்த வழியில்தான்.

அதே சமயம், வெவ்வேறு தேர்வுகளில் பெற்ற 4.00ஐ ஒரே தராசில் நிறுப்பது சரியா என்ற கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது. எந்தத் துறைக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தனர், கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி என்ன என்பதை உயர்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் தெளிவாக வெளியிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். கேட்க வேண்டியது நம் உரிமை.

இடம் கிடைக்காத பிள்ளையை வீட்டில் திட்டித் தீர்ப்பதால் பயனில்லை. மேல்முறையீட்டுக்குக் கிடைக்கும் நாள்கள் மிகக் குறைவு. அன்றே கணினி முன் பிள்ளையோடு சேர்ந்து உட்காருங்கள்.