மலைக்கு மேலே ஒரு கன்னட நாடு

வேற்று மொழி நாட்டைப் பார்க்க விசாவும் விமான டிக்கெட்டும் வேண்டும் என்று நினைக்கிறீர்களா? கோயம்புத்தூரில் பஸ் ஏறினால் போதும், ஐயா! சத்தியமங்கலம் வரை பவானித் தண்ணீரில் வாழையும் கரும்பும். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டு மலையேறினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே வந்த நான் பதினாறோடு கண்ணை மூடிவிட்டேன். மேலே திம்பம். அப்பால் மூங்கில் காடு; கரும்பு லாரியை மறித்து நாலு கழி உருவிக்கொள்ளும் யானைகளின் ராஜ்யம். (இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, பகலிலேயே கிளம்புங்கள்.) காடு தீர்ந்ததும் மேட்டு நிலம், ராகி, முட்டைக்கோஸ்... தாளவாடி!

ஈரோடு மாவட்டம்தான், காதில் விழுவதோ கன்னடம். 1956-ல் மாநிலங்களைத் திருத்தியபோது, பக்கத்துக் கொள்ளேகால் தாலுகா கோவை ஜில்லாவிலிருந்து மைசூருக்குப் போயிற்று. தாளவாடி இங்கேயே நின்றுவிட்டது. கன்னட நடிகர் ராஜ்குமார் பிறந்த காஜனூர்கூட இந்தப் பக்கம்தான்.

பஸ் நின்ற இடத்தில் ஒரு பாட்டி காகிதம் ஒன்றை நீட்டினாள். முதியோர் பென்ஷன் மனு, தமிழில். அவளுக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த எனக்கோ அவளுக்குப் புரியும்படி சொல்லத் தெரியாது! கண்டக்டர்தான் கைகொடுத்தார்.

"பொறந்த வருஷம் தெரியாதாமுங்க. கொள்ளேகாலைப் பிரிச்ச வருஷம் கல்யாணமாம்; அப்ப வயசு பதினஞ்சாமுங்க."

கணக்குப் போட்டு 1941 என்று எழுதினேன்.

"ஆபீஸிலே அத்தாட்சி கேட்டால்?" என்றேன்.

"கொள்ளேகாலைத்தானுங்க கேக்கோணும்!" என்று சொல்லி விசில் ஊதினார் அவர்.