அரிசி மூட்டை கண்ணில் படுகிறது, பெரிய பணம்?

2021 ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 4 ஆம் தேதி வந்தது. மலாக்கா மாநிலத் தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல் நவம்பர் 8. வாக்களிப்பு நவம்பர் 20. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு ஒருவர் உங்கள் வாசலில் ஒரு மூட்டை அரிசியும் ஒரு போத்தல் எண்ணெயும் வைத்துவிட்டு, கைகூப்பி வணக்கம் சொல்லிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பண்டிகை அன்பளிப்பா, தேர்தல் செலவா? கொடுத்தவருக்குத் தெரியும். வாங்கியவருக்கும் தெரியும். எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

வானொலியில் தேர்தல் பேச்சை எடுத்தால் போதும், குரல் பதிவுகள் வந்து குவியும். "தோட்டத்து ஆளுங்கதான் சார் அம்பது வெள்ளிக்கும் அரிசிக்கும் ஓட்ட வித்துடுறாங்க" என்பது அதில் நிச்சயம் ஒன்றாக இருக்கும். சொல்பவர் பெரும்பாலும் டவுனில் வீடு வாங்கிப் போனவர். எனக்கு இந்தக் குற்றச்சாட்டில் உடன்பாடு இல்லை. அரிசி வாங்குவது சரி என்பதற்காக அல்ல. அரசியல் பணம் என்ற பெரிய ஆற்றில், நாம் விரல் நீட்டுவது கரையோரம் ஒதுங்கிய நுரையை மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1954 ஆம் ஆண்டு தேர்தல் குற்றங்கள் சட்டத்தின்படி ஒரு வேட்பாளர் சட்டமன்றத் தொகுதிக்கு 1 லட்சம் வெள்ளியும், நாடாளுமன்றத் தொகுதிக்கு 2 லட்சம் வெள்ளியும்தான் செலவு செய்யலாம். மலாக்காவில் 2021 இல் ஏறக்குறைய 4 லட்சத்து 95 ஆயிரம் வாக்காளர்கள். தொகுதிகள் 28. வகுத்துப் பாருங்கள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக 17,700 பேர், தலைக்கு 5 வெள்ளி 65 காசு. ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரே, முடிந்தது. இந்தத் தொகையில்தான் கொடி, பதாகை, கூடாரம், ஒலிபெருக்கி, வாகனம், தொண்டர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அடங்கியதாக நாம் நம்பவேண்டும். ஜாசின் சாலையில் தேர்தல் நேரத்தில் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கொடிகளை எண்ணிப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

சட்டத்தை மீறுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. மீறவேண்டிய அவசியமே இல்லை. இந்த உச்சவரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான், கட்சிக்குக் கிடையாது. கட்சி எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம். அந்தப் பணத்தை யார் கொடுத்தார் என்று கட்சி மக்களிடம் சொல்லவேண்டியதும் இல்லை. வரம்புக் கணக்கும் தேர்தல் அறிவிப்பு அரசிதழில் வந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. அதற்கு ஆறு மாதம் முன்பு நடந்த விருந்தும் அன்பளிப்பும் அந்த 1 லட்சத்துக்குள் வராது.

ஆனால் சின்னப் பணத்தைப் பிடிக்கச் சட்டத்துக்கு நன்றாகத் தெரியும். கேமரன் மலையை நினைத்துப் பாருங்கள். 2018 பொதுத்தேர்தலில் ம.இ.கா.வின் சிவராஜ் சந்திரன் 597 வாக்கு வித்தியாசத்தில் அங்கே வென்றார். ஜ.செ.க.வின் மனோகரன் வழக்குப் போட்டார். அதே ஆண்டு நவம்பர் 30 ஆம் தேதி தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாது என்று அறிவித்தது. தேசிய முன்னணிக்கு வாக்களிப்பதற்காக ஓராங் அஸ்லி மக்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பது நீதிமன்றத்தின் முடிவு. தொகை எவ்வளவு? 30 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளி வரை. தீர்ப்பு சரியானதுதான். ஆனால் 30 வெள்ளிக்காக ஒரு தொகுதியின் தேர்தலே ரத்தாகும் நாட்டில், கட்சிக்கு 30 லட்சம் கொடுத்தவரின் பெயரைக் கேட்கக்கூட நமக்குச் சட்டம் இல்லை.

அதன் உச்சத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2015 ஜூலையில், பிரதமராக இருந்த நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் 260 கோடி வெள்ளி வந்த செய்தி வெளியானது. அது நன்கொடை என்றார்கள். அந்த ஒரு சொல்லை வைத்தே பல மாதம் ஓட்டினார்கள், காரணம் 'அரசியல் நன்கொடை' என்பதற்கு இங்கே எல்லையும் இல்லை, ரசீதும் இல்லை. எஸ்.ஆர்.சி. வழக்கில் அவர் சிறை சென்றது 2022 ஆகஸ்டில், அது 4 கோடியே 20 லட்சம் வெள்ளி தொடர்பான வழக்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரசியல் நிதியை ஒழுங்குபடுத்த 2015 இல் குழு அமைத்ததும் அதே நஜிப் அரசாங்கம்தான். அமைச்சர் பால் லோ தலைமையிலான அந்தக் குழு 2016 இல் 32 பரிந்துரைகளைக் கொடுத்தது. 2018 இல் ஆட்சிக்கு வந்த நம்பிக்கைக் கூட்டணியும் அரசியல் நிதிச் சட்டம் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தது. அதன் பிறகு எத்தனை பிரதமர்கள் மாறினார்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். மசோதா இன்னும் 'ஆய்வில்' இருந்துகொண்டே இருந்தது.

இதெல்லாம் புத்ராஜெயா விவகாரம், ஜாசினுக்கு என்ன என்று கேட்கலாம். இங்கேதான் விஷயமே இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றுவது, குத்தகையை நீட்டிப்பது, கோயிலுக்கோ சுடுகாட்டுக்கோ ஒரு துண்டு நிலத்தை அரசிதழில் பதிவு செய்வது எல்லாம் கடைசியில் முதலமைச்சரும் ஆட்சிக்குழுவும் உட்காரும் மேசைக்குத்தான் போகின்றன. செம்பனைத் தோட்டமாக இருக்கும்வரை ஒரு ஏக்கருக்கு ஒரு விலை. வீடமைப்புக்கு மாற்ற அனுமதி கிடைத்த அன்று அதே ஏக்கருக்கு வேறு விலை. மரமும் அதேதான், மண்ணும் அதேதான், மாறியது ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருப்பவர், கையெழுத்துப் போடுபவரின் கட்சிக்குத் தேர்தல் நேரத்தில் நன்கொடை கொடுக்கத் தடை ஏதும் இல்லை. கைம்மாறாகத்தான் கொடுத்தார் என்று நிரூபித்தால் ஊழல் தடுப்பு ஆணையம் பிடிக்கலாம். பெயரே வெளியே வராத பணத்தில் கைம்மாறை எங்கே போய் நிரூபிப்பது?

ஜாசின் நாடாளுமன்றத் தொகுதியில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள்: பெம்பான், ரிம், செர்காம், மெர்லிமாவ், சுங்கை ரம்பை. ஐந்திலும் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், தோட்டம் விற்கப்பட்டதால் வரவேண்டியிருந்தவர்களும் இருக்கிறார்கள். 1950 களில் 'துண்டாடல்' என்ற சொல் நம் தாத்தா பாட்டிகளை எப்படி நடுங்க வைத்தது என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தை விற்றன, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள், லயத்தில் இருந்தவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். பிறகு அதற்கென்று நிலச் சட்டத்தில் ஒரு தடுப்பு வந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டு போடத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். சட்டம் இருக்கிறது. அனுமதி கொடுக்கும் நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள், அவர்கள் அங்கே வர யார் செலவு செய்தார் என்பதுதான் கேள்வி.

அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது சங்கப் புத்தகத்தில் இருந்தது. நம் மக்களுக்குப் பணத்தையும் அரசியலையும் சேர்த்துக் கையாளத் தெரியாது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இன்னொரு பணம் இருக்கிறது, அதை நாம் லஞ்சமாகவும் பார்ப்பதில்லை, நன்கொடையாகவும் பார்ப்பதில்லை. மானியம். தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் மேசை அகலத்தில் ஒரு மாதிரிக் காசோலை, அதைச் சுற்றிப் பத்துப் பேர், நடுவில் ஒய்.பி., எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம். (நம் பத்திரிகைகளிலும் வாரம் இரண்டு வந்துவிடும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) அந்தப் பணம் ஒய்.பி.யின் பணமல்ல, வரிப்பணம். ஆளும் தரப்பு உறுப்பினருக்குத் தாராளமாகவும், எதிர்த்தரப்புக்குக் கிள்ளியும், சில சமயம் ஒன்றுமே இல்லாமலும் கிடைப்பது நாடு முழுக்க நெடுநாள் வழக்கம். 2010 சிபு இடைத்தேர்தலில் நஜிப் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். வெள்ளத் தடுப்புக்கு 50 லட்சம் வெள்ளி வேண்டுமா, "நீங்கள் எனக்கு உதவுங்கள், நான் உங்களுக்கு உதவுகிறேன்." சிபு மக்கள் 398 வாக்கில் அவருடைய கூட்டணியைத் தோற்கடித்தார்கள். வெள்ளம் வரும் ஊர்க்காரர்கள்தான், ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள்.

வெளிச்சம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவைப் பார்க்கலாம். கொடுத்தவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை அங்கே உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 இல் ரத்து செய்து, பெயர்களை வெளியிடச் சொன்னது. அதிகம் கொடுத்தவர் யார் என்று பார்த்தால் லாட்டரி நிறுவனம். கோயம்புத்தூர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. மற்றக் கட்சிகளுக்கும் போயிருக்கிறது, யாரும் சுத்தம் என்று மார்தட்ட முடியாது. ஆனால் தமிழ்நாட்டுக்காரர் இன்று டீக்கடையில் உட்கார்ந்து தொகையோடு பெயரோடு கட்சியைக் கேள்வி கேட்கலாம். நாம் மெர்லிமாவ் டீக்கடையில் வதந்திதான் பேசமுடியும்.

மலாக்காவின் இப்போதைய சட்டமன்றம் 2021 இல் அமைந்தது. தவணை ஐந்தாண்டு, கணக்கு உங்களுக்கே தெரியும். போன தடவை கொவிட் காரணமாகச் செராமாக்களுக்குத் தடை இருந்ததால், வேட்பாளரை நேரில் நிறுத்திக் கேட்க வாய்ப்பில்லாமல் போனது. இந்தத் தடவை கூடாரம் போடுவார்கள், மீ கோரேங் இருக்கும், கேள்வி நேரமும் இருக்கும். தங்கள் கட்சிக்குப் பெரிய தொகை கொடுத்தவர்களில் ஜாசின் மாவட்டத்தில் நில வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்தவர் யாராவது உண்டா என்று மூன்று கூட்டணியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். தேர்தல் முடிவு அரசிதழில் வந்து 31 நாளுக்குள் வேட்பாளர்கள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். அதைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கலாம். இந்தியர் சங்கமோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோயில் நிர்வாகமோ, யாராவது இரண்டு பேர் தேர்தல் ஆணையத்தின் மாநில அலுவலகத்துக்குப் போய் ஐந்து தொகுதிக் கணக்கையும் கேட்டு, கொடிகளுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்து வந்து சொல்லுங்கள். நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் ஒதுக்கத் தயார்.