விளக்கைப் பார்த்து கீபோர்ட் வாங்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர், ராம் பற்றியெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்கள். கீபோர்டை மட்டும் கடைக்காரர் கொடுத்தபடி வாங்கி வந்துவிடுகிறார்கள். நாள் முழுவதும் புரோகிராம் அடிப்பவன் நான். என்னைக் கேட்டால், முதலில் கவனிக்க வேண்டியதே அதைத்தான்.

சாதாரண கீபோர்டில் கீகளுக்கு அடியில் இருப்பது ரப்பர். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் ஸ்பிரிங்குடன் தனி சுவிட்ச் உண்டு. செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சின் அமைப்பையே இன்று பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. இதில் நீலம் 'கிளிக்' என்று சத்தம் போடும். பிரவுனில் சிறு தடை மட்டும் விரலுக்குத் தெரியும். சிவப்பு தடையின்றி இறங்கும். கம்ப்யூட்டர் இருக்கும் அறையிலேயே குழந்தைகள் தூங்குகிறார்களா? நீலம் வேண்டவே வேண்டாம், பிரவுன் வாங்குங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். கலர் கலராக விளக்கு எரியும், அட்டையில் 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் ரப்பர்! கடையிலேயே நோட்பேடைத் திறந்து ஒரு கீயை மிக மெதுவாக அழுத்துங்கள். எம்எக்ஸ் வகை சுவிட்ச் மொத்தம் 4 மி.மீ. இறங்கும், ஆனால் 2 மி.மீ. அளவிலேயே எழுத்து விழுந்துவிடும். ரப்பர் என்றால் கிட்டத்தட்ட அடிவரை அழுத்த வேண்டும். எந்த சுவிட்ச் என்று அட்டையில் போடாத கீபோர்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விளக்குக்குக் கொடுக்கும் பணத்தை 'ஹாட் ஸ்வாப்' வசதிக்குக் கொடுக்கலாம். ஒரு சுவிட்ச் கெட்டால் சால்டரிங் இல்லாமல் நீங்களே பிடுங்கி வேறு மாட்டிக்கொள்ளலாம். பிடுங்கும் கிளிப் பெட்டியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.