விசாவுக்கு விலை கொடுப்பவர் யார்?

நகைக்கடன் விண்ணப்பத்தில் ‘கடனின் நோக்கம்’ என்று ஒரு வரி உண்டு. வேளாண்மை, மருத்துவம், கல்வி, திருமணம் என்று எழுதப்படும் அந்த இடத்தில் ‘வெளிநாட்டு வேலை’ என்று எழுதுவோரையும் கிளைகளில் நாம் காண்கிறோம். மனைவியின் சங்கிலியோ தாயாரின் வளையலோ தராசில் ஏறுகிறது. சற்று நேரத்தில் பணம் கைக்கு வந்துவிடுகிறது. தங்கத்தின் தரத்தை உரசிப் பார்க்கும் நாம், அந்தப் பணம் யாரிடம் போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. இனிமேல் கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து.

வெளிநாடு வாழ் இந்தியர் தாய்நாட்டுக்கு அனுப்பும் பணம் 2022-இல் 11,100 கோடி டாலரை எட்டியதாக உலக வங்கி கணக்கிட்டது. ஓராண்டில் 10,000 கோடி டாலரைத் தாண்டிய முதல் நாடு நம் நாடுதான். இதில் மென்பொருள் பொறியாளரின் பங்கும் உண்டு. வளைகுடா நாடுகளின் வெயிலில் கம்பி கட்டுவோர், வாகனம் ஓட்டுவோர், துப்புரவு செய்வோர் ஆகியோரின் பங்கும் உண்டு. முன்னவருக்குப் பெரும்பாலும் விசாச் செலவை நிறுவனமே ஏற்கிறது. குறைந்த ஊதியத்துக்குச் செல்லும் பின்னவரே வேலையைக் காசு கொடுத்து வாங்குகிறார். இந்த முரண்பாட்டுக்கு நாம் பழகிப்போய்விட்டோம்.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவுபெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். அவர் தொழிலாளியிடம் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியைச் சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கு ரசீதும் தர வேண்டும். ஊருக்குள் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிச் செல்லும் துணை முகவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமோ, ஆள்சேர்ப்புச் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்கிறது.

நடைமுறை வேறு. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு, வெளியில் கடன் வாங்கி முகவரிடம் கொடுக்கிறார் என்று கொள்வோம். மாதந்தோறும் அவரால் வீட்டுக்கு 15,000 ரூபாய் அனுப்ப முடிகிறது. அது முழுவதையும் கடனுக்கே செலுத்தினாலும் கடன் தீர ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டும் வீட்டு அடுப்பு எரிய வேறு வழி தேட வேண்டும். சட்டம் அனுமதிக்கும் 35,400 ரூபாயை மட்டும் அதே வட்டிக்கு வாங்கியிருந்தால், மூன்று மாதத்துக்குள் கடன் அடைந்திருக்கும்.

பண இழப்பை விடப் பெரிய இழப்பு ஒன்றும் இதில் உண்டு. சொன்ன சம்பளம் ஒன்று, கொடுக்கும் சம்பளம் ஒன்று என்றாலும், ஓட்டுநர் வேலை என்று அழைத்துப்போய்ச் சுமை தூக்க வைத்தாலும், கடன்பட்டவரால் ‘வேண்டாம்’ என்று திரும்பிவர முடியாது. கடவுச்சீட்டு அவர் கையிலேயே இருந்தாலும், வட்டி அவரைக் கட்டிப் போட்டுவிடுகிறது.

“முப்பதாயிரத்துக்கு யார் அனுப்புகிறார்கள்? நான் கொடுக்காவிட்டால் அடுத்தவன் கொடுத்துப் போய்விடுவான்” என்பார்கள். மறுக்க முடியாத நடப்பு அது. ஆனால் கூடுதலாகக் கேட்பவர் பெரும்பாலும் ரசீது தருவதில்லை. ரசீது இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்க எந்த வாசலும் இல்லை. ஏமாறும்போது ஒன்றரை லட்சமும் சேர்ந்தே போகிறது.

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத கடவுச்சீட்டு அவர்களுக்குக் கிடைக்கிறது. அது வசதிதான், ஆனால் புறப்படும் முன் அவர்களது பணி ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் எந்த அலுவலகத்துக்கும் இல்லாமற்போகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்படுவது குறித்து 2022-இல் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. படிப்பு மட்டும் காப்பாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் வங்கி இத்தகைய கடனை மறுக்கலாமா? கூடாது. நாம் மறுத்தால் அவர் மூன்று வட்டிக்காரரின் வாசலுக்கே போவார். கடனைக் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். முகவரின் பதிவு எண் என்ன? அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் அதைச் சரிபார்க்கலாம். கொடுக்கும் பணத்துக்கு ரசீது உண்டா? கையில் இருப்பது பணி விசாவா, சுற்றுலா விசாவா? ‘போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற வாக்கை நம்பிச் சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். இம்மூன்றுக்கும் விடை இல்லையெனில், நகையை அன்று வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்வதுதான் நல்ல வங்கிச் சேவை. விடை இருப்பவருக்கு, இரண்டாண்டுக்கு 275 ரூபாய் கட்டணத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவையும் எடுத்துச் சொல்லலாம்.

வாடிக்கையாளர்களும் இக்கேள்விகளைத் தம் பிள்ளைகளிடம், தம்பிமாரிடம் கேட்க வேண்டுகிறோம். கடல் கடந்து உழைப்பவரின் முதல் மாதச் சம்பளம் வட்டிக்குப் போகாமல், அவர் பெயரிலுள்ள என்.ஆர்.இ. கணக்கில் வந்து சேர வேண்டும். அடகு வைத்த சங்கிலி விரைவில் உரியவர் கழுத்துக்குத் திரும்ப வேண்டும். வட்டி வருமானத்தைக் காட்டிலும் நமக்கு அதுவே பெருமை.