குடோனா, தொழிற்சாலையா?

முதல் போட்டுத் தொழில் தொடங்குவோர் கட்டடத்தின் பரப்பையும் வாடகையையும் பார்க்கின்றனர். சட்டமோ உள்ளே நடக்கும் வேலையைப் பார்க்கிறது.

வாசலில் 'குடோன்' என்று பலகை மாட்டிவிட்டால் மட்டும் அது குடோனாகிவிடாது. விற்பனைக்காகப் பொருளைக் கழுவுவது, சுத்தம் செய்வது, பொட்டலம் கட்டுவது எல்லாமே 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி உற்பத்திதான். குளிர்பதனக் கிடங்கில் பொருளை வைத்திருப்பதுகூட அதில் சேர்ந்தது. சும்மா கிடக்கும் உருளைக்கிழங்கு என்ன உற்பத்தி செய்கிறது என்று நானும் முதலில் சிரித்தவன்தான்! அம்மோனியா ஓடும் குழாய்களை எண்ணிப் பார்த்தபோது சிரிப்பு அடங்கியது.

2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டமும் இதை மாற்றவில்லை. ஆனால், மின்விசையுடன் 10 பேர், இல்லாமல் 20 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றிருந்த வரம்பை 20, 40 என்று உயர்த்திவிட்டது. சிறு முதலாளிக்குச் செலவு மிச்சம் என்கிறார்கள் வணிகவியல் நண்பர்கள். எனக்கு உடன்பாடில்லை. 15 பேர் எந்திரம் வைத்து மிளகாய்த்தூள் பாக்கெட் போடும் கொட்டகையில் நெடி குறைந்துவிடவில்லையே! அதன் வரைபடத்தை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து, காற்றுக்கு வழி எங்கே, இரண்டாவது வாசல் எங்கே என்று தொழிற்சாலை ஆய்வாளர் கேட்க வேண்டிய கட்டாயந்தான் போய்விட்டது.